ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறதா? எதை மூடாமல் விட்டீர்கள் என்று தேடுங்கள்

மூன்று நாளைக்கு ஒருமுறை சர்வர் தொங்குகிறது, ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி ஓடுகிறது, அதனால் தினமும் விடிகாலை நான்கு மணிக்குத் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும்படி ஒரு கிரான் வேலை போட்டுவிட்டோம். இந்தக் கதையை எத்தனையோ குழுக்களில் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு கிரான் வேலையை நானே எழுதியும் இருக்கிறேன்.

ரீஸ்டார்ட் செய்தவுடன் சரியாகிற கோளாறு பெரும்பாலும் ஒரே ஜாதி. நிரல் எதையோ கேட்டு வாங்கியது, வேலை முடிந்தது, திருப்பிக் கொடுக்கவில்லை. அது ஃபைல் டிஸ்க்ரிப்டராக (திறந்த ஃபைலுக்கு இயங்குதளம் தரும் எண்) இருக்கலாம், சாக்கெட்டாக (நெட்வொர்க் இணைப்பின் முனை) இருக்கலாம், டேட்டாபேஸ் இணைப்பாகவோ கொஞ்சம் மெமரியாகவோ இருக்கலாம். பிராசஸ் செத்தால் அது பிடித்து வைத்திருந்ததை எல்லாம் இயங்குதளம் திரும்ப எடுத்துக்கொள்ளும், ஆகவேதான் ரீஸ்டார்ட் மருந்துபோலத் தெரிகிறது.

இதைப் பராமரிப்புத் தொல்லை என்று ஒதுக்கிவைப்பதுதான் எனக்குக் கவலை. மூன்று நாள் என்பது இப்படித் திருப்பித் தராமல் விடும் கசிவை உங்கள் பயனர்கள் தற்செயலாகத் தொடும் வேகம், அவ்வளவுதான். அதே இடத்தை ஒருவர் வேண்டுமென்றே நொடிக்கு நூறு முறை தொட்டால் மூன்று நாள் பத்து நொடியாகிவிடும். பாதுகாப்புப் பலவீனங்களை வகைப்படுத்தும் சிடபிள்யூஇ பட்டியலில் இதற்கு 772 என்று தனி எண் உண்டு, மெமரி கசிவுக்கு 401, ஃபைல் டிஸ்க்ரிப்டர் கசிவுக்கு 775. அதனால் கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எது கசிகிறது? அது எத்தனை முறை கசிய வேண்டும் என்பது யார் கையில் இருக்கிறது?

ரீஸ்டார்ட் செய்யும் முன்

சர்வர் தொங்கிக் கிடக்கும்போது எல்லோரும் அவசரப்படுத்துவார்கள். இரண்டு நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்த நொடியில் தடயம் எல்லாம் போய்விடும், அடுத்த முறை தொங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு பிராசஸ் திறந்து வைத்திருப்பதை எல்லாம் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் அந்த பிராசஸின் எண்ணைக் கொடுத்து வெளியீட்டை ஒரு ஃபைலில் சேமியுங்கள். எஸ்எஸ் கட்டளையில் டிசிபி இணைப்புகள் என்னென்ன நிலையில் இருக்கின்றன என்று எடுத்து வையுங்கள். ஜாவா என்றால் எந்த த்ரெட் எங்கே நிற்கிறது என்று காட்டும் த்ரெட் டம்ப், கோ மொழி என்றால் பிபிராஃப் கருவி தரும் கோருட்டீன் (அந்த மொழியின் இலகுவான த்ரெட்) பட்டியல். டேட்டாபேஸ் பக்கம் போய் அங்கே யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்பதையும் ஒரு பிரதி எடுங்கள். இவ்வளவும் கையில் இருந்தால் அப்புறம் தாராளமாக ரீஸ்டார்ட் செய்யலாம்.

அறிகுறி: லாகில் "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்"

லினக்ஸில் இதன் பிழை எண் 24. அந்த பிராசஸுக்கு அனுமதித்த ஃபைல் டிஸ்க்ரிப்டர்கள் தீர்ந்துவிட்டன என்று பொருள், வழக்கமான மென் வரம்பு (சாஃப்ட் லிமிட், தேவைப்பட்டால் கூட்டக்கூடியது) 1024. பெயரில் ஃபைல் என்று இருப்பதைப் பார்த்து ஃபைலை மட்டும் தேடாதீர்கள், சாக்கெட், பைப் (பிராசஸ்களுக்கு இடையே தரவு போகும் குழாய்) எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் பதில் யூலிமிட்டை, அதாவது இந்த வரம்பை, கூட்டு என்பதுதான். கசிவு இல்லாமல் உண்மையிலேயே ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இணைகிறார்கள் என்றால் அது சரியான பதில். கசிவு இருந்தால், சாவதற்கு ஆகும் நேரத்தை மட்டும் கூட்டுகிறீர்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய சி நிரல்கள் பல இணைப்புகளை ஒரே நேரத்தில் கவனிக்க செலக்ட் என்ற அழைப்பைப் பயன்படுத்தும், அதற்குள் இருக்கும் அட்டவணையில் 1024 டிஸ்க்ரிப்டருக்குத்தான் இடம். நீங்கள் வரம்பை 65,536 ஆக்கிவிட, 1024-ஐத் தாண்டிய ஒரு எண் அந்த அட்டவணைக்குப் போனால் அது எல்லைக்கு வெளியே மெமரியில் எழுதிவிடும். சர்வர் நின்றுபோவதோடு முடிந்திருக்க வேண்டிய சிக்கல் மெமரி சிதைவாக மாறுகிறது. வரம்பைக் கூட்டும் முன் நிரலுக்குள் செலக்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி. முதலில் எண்ணுங்கள். ப்ராக் அடைவில், அந்த பிராசஸின் எண்ணுக்குக் கீழே, எஃப்டி என்றொரு அடைவு இருக்கும், அதில் எத்தனை பதிவு இருக்கிறது என்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுதி வையுங்கள். கூட்டம் வரும்போது ஏறி, கூட்டம் கலைந்ததும் இறங்கினால் பயமில்லை. இறங்கவே இல்லை, படிப்படியாக ஏறிக்கொண்டே போகிறது என்றால் கசிவு. அடுத்து, எது நிறைந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரே அடைவைச் சேர்ந்த ஃபைல்கள் வரிசையாக இருந்தால் அந்த அடைவைத் திறக்கும் கோட்டில் (நிரல்வரிகளில்) தேடுங்கள். பைப்கள் குவிந்திருந்தால் சேய் பிராசஸைத் தொடங்கும் இடம். ஈவென்ட்போல் என்ற பெயர் நூற்றுக்கணக்கில் இருந்தால் யாரோ ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதிய எச்டிடிபி கிளையன்டை உருவாக்கித் தூக்கிப்போடுகிறார்கள் என்று முதலில் சந்தேகப்படுவேன்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் படம் ஏற்றும் ஒரு சேவை இருந்தது. படத்தைத் திறக்கும், தலைப்பகுதியைப் படித்து அளவைப் பார்க்கும், சிறிதாக்கும், மூடும். மூடும் வரி கடைசியில் இருந்தது. உடைந்த படம் வந்தால் தலைப்பகுதியைப் படிக்கும்போதே பிழை எழும்பி, கட்டுப்பாடு நேரே மேலே போய்விடும், மூடும் வரிக்கு வரவே வராது. பயனருக்கு "இது சரியான படம் அல்ல" என்று அழகான செய்தி போகும், உள்ளே ஒரு டிஸ்க்ரிப்டர் திறந்தபடியே கிடக்கும். கோடு மறுஆய்வில் நான்கு பேர் பார்த்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் நல்ல படம் போகும் பாதையில் எல்லாம் சரியாக இருந்தது. லாகின் இல்லாமலே யார் வேண்டுமானாலும் அங்கே படம் ஏற்றலாம் என்பதை யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆயிரம் உடைந்த படம் போதும்.

ஆகவே தேடும்போது பிழைப் பாதையிலிருந்து தொடங்குங்கள். நடுவில் ரிட்டர்ன் ஆகிற இடங்கள், எக்ஸெப்ஷன் எழும்பும் இடங்கள், டைம்அவுட் ஆனால் போகும் வழி. இவைதான் நாம் குறைவாகச் சோதிக்கும் இடங்கள், வெளியாள் நினைத்த நேரத்தில் தொடக்கூடிய இடங்களும் இவைதான். எந்த வழியாக வெளியேறினாலும் தானாக மூடும் வசதியைப் பயன்படுத்துவதுதான் திருத்தம், அதன் பெயர் மொழியைப் பொறுத்தது. பைத்தானில் வித், ஜாவாவில் 2011-ல் ஜாவா 7-உடன் வந்த டிரை-வித்-ரிசோர்சஸ், கோ மொழியில் டிஃபர், சி++ என்றால் அழியும்போது தானே மூடிக்கொள்ளும் பொருள். கோ எழுதுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: டிஃபர் அந்தச் செயற்கூறு முடியும்போதுதான் ஓடும், சுற்று முடியும்போது அல்ல. பத்தாயிரம் ஃபைலைச் சுற்றிவரும் ஒரு லூப்புக்குள் டிஃபர் போட்டால் பத்தாயிரமும் திறந்தே இருக்கும். லூப்பின் உடலைத் தனிச் செயற்கூறாகப் பிரித்துவிடுங்கள். ஜாவாவில் குப்பை சேகரிப்பான் (பயன்படாத மெமரியைத் தானே விடுவிக்கும் பகுதி) பார்த்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது மெமரி நிறையும்போது வரும், டிஸ்க்ரிப்டர் நிறைவது அதற்குத் தெரியவே தெரியாது.

டிஸ்க்ரிப்டர் தீர்ந்தபின் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சில சமயம் அதுவே தனி அறிகுறியாக வரும். காத்திருக்கும் புதிய இணைப்பை ஏற்க முடியாது, ஆனால் அது வரிசையிலேயே நிற்கும், இணைப்புகளைக் கவனித்துச் சொல்லும் லினக்ஸ் வசதியான ஈபோல் "ஆள் வந்திருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், நிரல் மறுபடி மறுபடி முயன்று தோற்கும். ஆகவே சிபியு நூறு சதவீதம் ஓடும், ஒரே பிழை வரி லாகை நிரப்பி டிஸ்க்கையும் தின்றுவிடும். அதைவிட மோசமானது ரேண்டம் எண். முன்பெல்லாம் நிரல்கள் யூரேண்டம் என்ற ஃபைலைத் திறந்துதான் ரகசியச் சாவிக்கு வேண்டிய எண்ணை வாங்கும். டிஸ்க்ரிப்டர் இல்லையென்றால் அதைத் திறக்க முடியாது, அப்போது தரம் குறைந்த மாற்றுவழிக்கு இறங்கும் நிரல்கள் இருந்தன. லினக்ஸ் 3.17-ல், 2014-ல், கெட்ரேண்டம் என்ற தனி அழைப்பைக் கொண்டுவந்ததற்குச் சொன்ன காரணமே டிஸ்க்ரிப்டரைத் தீர்த்துவிடும் இந்தத் தாக்குதல்தான், கேட்டவர்கள் லிப்ரேஎஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் குழுவினர். ஒரு ஃபைலை மூடாமல் விட்டது சாவியின் வலிமை வரை போகும் என்பதை நான் படித்தபோது நம்ப முடியவில்லை.

அறிகுறி: க்ளோஸ்-வெய்ட் நிலையில் நூற்றுக்கணக்கான இணைப்புகள்

எஸ்எஸ் வெளியீட்டில் டைம்-வெய்ட் (மூடி முடித்த இணைப்பு சற்று நேரம் தங்கும் நிலை) நிறைய இருந்தால் பதறாதீர்கள், லினக்ஸில் 60 நொடியில் அது தானாகப் போய்விடும். க்ளோஸ்-வெய்ட் வேறு. எதிர்முனை "நான் முடித்துக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டது, உங்கள் நிரல் இன்னும் க்ளோஸ் சொல்லவில்லை. நிரல் சொல்லும்வரை அந்த டிஸ்க்ரிப்டர் உங்கள் கணக்கில்தான் இருக்கும். நெட்வொர்க் குழுவைக் குறை சொல்லவோ கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அளவுருக்களை மாற்றவோ இங்கே இடமே இல்லை, தவறு உங்கள் கோட்டில்.

எதிர்முனை முகவரியைப் பாருங்கள். அது நீங்கள் அழைக்கும் வேறொரு சேவை என்றால், பதிலின் உடலை (உள்ளடக்கம் வரும் பகுதியை) மூடாமல் விட்டிருப்பீர்கள். நிலைக் குறியீடு 200 இல்லை என்றால் உடனே ரிட்டர்ன் என்று எழுதும் இடத்தில் இது அடிக்கடி நடக்கும், கோ மொழியில் பதிலை வாங்கிப் பிழையைச் சோதித்த அடுத்த வரியே உடலை மூடும் டிஃபராக இருக்கட்டும். எதிர்முனை வெளிப்பயனர் என்றால் இன்னும் கவலைப்பட வேண்டும், அவர் இணைத்துவிட்டுத் துண்டித்தாலே உங்களிடம் ஒன்று கசிகிறது என்று பொருள்.

அறிகுறி: சிபியு சும்மா இருக்கிறது, எல்லாக் கோரிக்கையும் 30 நொடி காத்திருந்து தோற்கிறது

இது டேட்டாபேஸ் இணைப்புக் குளம் (மறுபடி மறுபடி பயன்படுத்தத் திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) வற்றிப்போனதன் அடையாளம். ஜாவாவில் ஹிகாரிசிபி என்ற குள நூலகத்தைப் பயன்படுத்தினால் இயல்பான குள அளவு 10, காத்திருக்கும் நேரம் 30 நொடி, அந்த முப்பதுதான் உங்கள் லாகிலும் தெரியும். சேவை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக் டேட்டாபேஸைத் தொடாமல் இருந்தால் டாஷ்போர்டு முழுக்கப் பச்சையாகவே இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பத்து என்ற எண்ணைக் கொஞ்சம் யோசியுங்கள். டிஸ்க்ரிப்டரைத் தீர்க்க ஆயிரம் கோரிக்கையாவது வேண்டும், இங்கே பத்து போதும். லாகின் பக்கத்தில் இணைப்பை எடுக்கிறது, பயனரைத் தேடுகிறது, கடவுச்சொல் தவறு என்றால் அங்கேயே திரும்பிவிடுகிறது, இணைப்பைத் திருப்பித் தரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கே இல்லாத ஒருவர் பத்து முறை தவறான கடவுச்சொல் அடித்தால் எல்லோருக்கும் சேவை நின்றுபோகும். எந்த ஃபயர்வாலும் இதைத் தாக்குதல் என்று அடையாளம் காணாது, பத்து கோரிக்கை யார் கண்ணிலும் படாது.

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜி-ஸ்டாட்-ஆக்டிவிட்டி என்ற பார்வையைத் திறந்து நிலை என்ற நெடுவரிசையைப் பாருங்கள். "ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்" என்று நிறைய பேர் நெடுநேரமாகப் படுத்திருந்தால் பரிவர்த்தனையைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் போயிருக்கிறார்கள். இணைப்பைப் பிடித்து வைப்பதோடு நிற்காமல் இவர்கள் பூட்டுகளையும் பிடித்து வைப்பார்கள், பழைய வரிசைகளை வேக்குவம் என்ற துப்புரவு வேலை சுத்தம் செய்யாமல் தடுப்பார்கள், அட்டவணை ஊதும். அதே பார்வையில் அந்த இணைப்பு கடைசியாக ஓட்டிய வினவல் தெரியும், அதை உங்கள் கோட்டில் தேடினால் குற்றவாளி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய்விடலாம். ஹிகாரியில் லீக் டிடெக்‌ஷன் வரம்பை 2,000 மில்லிநொடியிலிருந்து வைக்கலாம், அந்த நேரத்துக்குமேல் திரும்பாத இணைப்பை யார் எடுத்தார்கள் என்று ஸ்டாக் டிரேஸோடு (எந்தெந்தச் செயற்கூறு வழியாக வந்தது என்ற பட்டியலோடு) அச்சிடும். கோ மொழியின் நிலையான டேட்டாபேஸ் நூலகத்தில் இயல்பாக மேல்வரம்பே கிடையாது, அங்கே குளம் வற்றாது, போஸ்ட்கிரெஸின் இயல்பான 100 இணைப்புதான் முதலில் தீரும், அதே டேட்டாபேஸை நம்பியிருக்கும் மற்ற சேவைகளும் சேர்ந்து விழும். மேல்வரம்பை நீங்களே வையுங்கள்.

தற்காலிகத் தடுப்பாக, பரிவர்த்தனையில் சும்மா இருப்பவர்களைத் துண்டிக்கும் டைம்அவுட் ஒன்று போஸ்ட்கிரெஸ் 9.6 முதல் உண்டு. அதைப் போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள், கோட்டில் திருப்பித் தரும் வரியைச் சரிசெய்யும்வரை அது வெறும் கட்டு.

அறிகுறி: ஒருவருக்கு இன்னொருவரின் தரவு தெரிகிறது

இணைப்பைத் திருப்பித் தந்தாலும் சுத்தம் செய்யாமல் தந்தால் இதுதான் கதி. 2023 மார்ச் 20-ல் சாட்ஜிபிடியில் சிலருக்கு மற்றவர்களின் உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. ரெடிஸ் டேட்டாபேஸுக்கான பைத்தான் நூலகத்தில் இருந்த பிழை அது: கோரிக்கையை அனுப்பியபின், பதில் வரும் முன் அது ரத்தானால், அந்தப் பதில் இணைப்பிலேயே தங்கிவிடும், இணைப்பு குளத்துக்குத் திரும்பும், அதை அடுத்து எடுத்தவருக்கு முந்தையவரின் பதில் கிடைக்கும். பணம் கட்டும் பயனர்களில் ஒரு பகுதியினரின் கட்டண விவரங்களும் வெளிப்பட்டிருக்கக்கூடும் என்று ஓபன்ஏஐ அறிவித்தது.

உங்களிடம் இப்படி ஒரு புகார் வந்தால் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) சந்தேகிப்பதோடு, ரத்தான கோரிக்கைகளையும் டைம்அவுட்களையும் பாருங்கள். பாதியில் நின்ற இணைப்பைக் குளத்துக்குத் திருப்பாதீர்கள், மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறங்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

அறிகுறி: டிஎஃப் டிஸ்க் நிறைந்தது என்கிறது, டியு அவ்வளவு இல்லை என்கிறது

டிஎஃப் டிஸ்க்கில் நிரம்பிய இடத்தைச் சொல்லும், டியு கண்ணுக்குத் தெரியும் ஃபைல்களை மட்டும் கூட்டிச் சொல்லும், ஆகவே அழித்த ஃபைலை யாரோ இன்னும் திறந்து வைத்திருக்கிறார்கள். எல்எஸ்ஓஎஃப்-ல் கூட்டல் குறியோடு எல்1 என்று கொடுத்தால் அப்படிப்பட்டவை மட்டும் வரும். பெரும்பாலும் லாக் ஃபைலைக் கையால் அழித்திருப்பார்கள், அல்லது சுழற்றியபின் (பழைய லாகை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கியபின்) நிரலுக்குச் சிக்னல் போயிருக்காது. இடம் இருக்கிறது ஆனாலும் ஃபைல் உருவாக்க முடியவில்லை என்றால் ஐநோடு (ஃபைல் ஒவ்வொன்றுக்கும் ஃபைல்முறை வைக்கும் பதிவு) தீர்ந்திருக்கிறது, தற்காலிக அடைவில் அழிக்காமல் விட்ட குட்டிக் குட்டி ஃபைல்களைத் தேடுங்கள். அந்தத் தற்காலிக ஃபைல்களுக்குள் பயனர்கள் ஏற்றிய அடையாள அட்டைப் படங்கள் இருந்தால் டிஸ்க் நிறைந்தது உங்கள் சின்னக் கவலை.

அறிகுறி: மெமரி ஏறிக்கொண்டே போய் 137 என்ற எண்ணோடு செத்துவிடுகிறது

137 என்பது 128-உடன் 9, அதாவது கில் சிக்னல். கன்டெய்னரில் (நிரலைத் தனிமைப்படுத்தி ஓட்டும் சூழலில்) இதைப் பார்த்தால் பெரும்பாலும் மெமரி வரம்பைத் தாண்டியதால் கெர்னல் கொன்றிருக்கும், கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் உறுதிசெய்யுங்கள். சி, சி++ நிரல் என்றால் வால்கிரைண்டோ லீக்சானிடைசரோ எந்த வரியில் ஒதுக்கியது என்று காட்டிவிடும். ஜாவா, பைத்தான் என்றால் நீக்கவே செய்யாத ஒரு மேப் அல்லது பட்டியலைத் தேடுங்கள். முக்கியமாக அதன் சாவி வெளியிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். பயனர் அனுப்பும் ஒரு சரத்தைச் சாவியாக வைத்து கேஷ் செய்தால், அந்த மேப்பின் அளவை நிர்ணயிப்பது அவர்தான்.

உங்கள் கோட்டில் இல்லாமல் நூலகத்திலும் இருக்கலாம். 2014 அக்டோபரில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகம் சரிசெய்த சிவிஇ-2014-3513 அப்படிப்பட்டது (சிவிஇ என்பது வெளியான பாதுகாப்புப் பிழைகளுக்குத் தரும் அடையாள எண்). எஸ்ஆர்டிபி (குரலையும் படத்தையும் குறியாக்கி அனுப்பும் நெறிமுறை) நீட்டிப்புக்காக வடிவமைத்த, இணைப்பைத் தொடங்கும் ஒரு ஹேண்ட்ஷேக் செய்தியை அனுப்பினால் 64 கிலோபைட் வரை மெமரியை விடுவிக்காமல் விட்டுவிடும், எஸ்ஆர்டிபியை நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும்கூட. திரும்பத் திரும்ப அனுப்பினால் சர்வர் விழும். 64 கிலோபைட் சின்னதாகத் தெரிகிறது, 16,384 முறை அனுப்பினால் ஒரு ஜிகாபைட்.

அறிகுறி: ரீஸ்டார்ட் செய்தால் "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்"

பழைய நிரல் போய்விட்டது, போர்ட் மட்டும் விடவில்லை. பல சமயம் அது தொடங்கிய சேய் பிராசஸ் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது, தாயிடமிருந்து கேட்கும் சாக்கெட்டையும் வாரிசாக வாங்கி வைத்திருக்கிறது. வேறொரு நிரலைத் தொடங்கும்போது தானாக மூடச் சொல்லும் க்ளோஸ்-ஆன்-எக்செக் கொடியைத் திறக்கும்போதே போடுவதுதான் திருத்தம். பைத்தான் 3.4 முதல் அது இயல்பாகவே அப்படித்தான், சி-யில் நீங்கள்தான் போட வேண்டும்.

போர்ட் சிக்கிக்கொள்வது வெறும் எரிச்சல். வேறொன்று சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ரன்சி சாட்சி. டாக்கர், குபர்நெட்டீஸ் எல்லாம் கன்டெய்னரைத் தொடங்க நம்பியிருக்கும் கருவி அது. 1.1.11 பதிப்பு வரை, ஹோஸ்ட் கணினியின் சிகுரூப் (பிராசஸ்களுக்கு வளங்களைப் பங்கிடும் கெர்னல் வசதி) அடைவுக்கான ஒரு டிஸ்க்ரிப்டரை மூடாமல் கன்டெய்னருக்குள் கசியவிட்டது. தாக்குபவர் தன் இமேஜில் வேலை அடைவாக அந்த டிஸ்க்ரிப்டரின் பாதையைக் கொடுத்தால் போதும், கன்டெய்னருக்குள் இருக்கும் பிராசஸ் ஹோஸ்டின் ஃபைல்முறையில் நிற்கும். சிவிஇ-2024-21626, 2024 ஜனவரி 31-ல் 1.1.12 பதிப்பில் சரிசெய்தார்கள். இன்னும் பழைய பதிப்பு ஓடினால் இதைப் படித்து முடிக்கும் முன் மாற்றுங்கள்.

அறிகுறியே இல்லாத ஒன்று

லினக்ஸ் கெர்னல் ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் சாவிவளையத்தில் ஒரு பிழை இருந்தது, சிவிஇ-2016-0728. ஒரு பிராசஸ் ஏற்கெனவே தன்னிடம் இருக்கும் அதே சாவிவளையத்தில் மறுபடி சேரக் கேட்டால், அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கையை ஒன்று கூட்டிவிட்டுக் குறைக்க மறந்துவிடும். மெமரி ஏறாது, டிஸ்க்ரிப்டர் ஏறாது, ஒரு எண் மட்டும் ஏறும். அது 32 பிட் எண். 430 கோடி முறைக்குச் சற்றுக் குறைவாகக் கேட்டால் சுற்றி வந்து சுழியாகும், யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்து கெர்னல் அந்தப் பொருளை விடுவித்துவிடும், பயன்படுத்துபவரோ இன்னும் அதைப் பிடித்திருப்பார். அங்கிருந்து ரூட் அதிகாரம் வரை போகலாம். கண்டுபிடித்த பெர்செப்ஷன் பாயின்ட் குழுவினருக்கு ஒரு சாதாரண சிபியுவில் அரை மணி நேரம் பிடித்தது. 3.8 முதலான கெர்னல்களில் இருந்த பிழை இது. 2017-ல் 4.11 கெர்னலில் உச்சத்தைத் தொட்டால் சுற்றாமல் அங்கேயே நின்றுவிடும் ரெஃப்கவுன்ட் வகையைக் கொண்டுவந்தார்கள். நீங்களே எண்ணிக்கை வைத்து எதையாவது விடுவிக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு கூட்டலுக்கும் எல்லாப் பாதையிலும் ஒரு கழித்தல் இருக்கிறதா என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள்.

திருத்திய பிறகு

வழக்கமான டெஸ்ட் எதுவும் இதைப் பிடிக்காது, ஒவ்வொன்றும் ஒருமுறை ஓடி முடிந்துவிடும். நான் இப்போது செய்வது இது: சோதனைச் சூழலில் நிரலைத் தொடங்கி, நூறு நல்ல கோரிக்கை அனுப்பிச் சூடாக்கி, டிஸ்க்ரிப்டர், த்ரெட், டேட்டாபேஸ் இணைப்பு மூன்றையும் எண்ணி வைக்கிறேன். அப்புறம் ஐந்தாயிரம் கெட்ட கோரிக்கை: உடைந்த படம், தவறான கடவுச்சொல், பாதியில் துண்டித்த இணைப்பு, டைம்அவுட் ஆகும்படி தாமதிக்கும் போலிச் சேவை. ஒரு நிமிடம் விட்டு மறுபடி எண்ணுகிறேன். வித்தியாசம் ஐந்தாயிரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் எந்தப் பாதை என்று கண்டுபிடிக்க அந்த நான்கு வகையையும் தனித்தனியாக ஓட்டினால் போதும். வித்தியாசம் இருபதுக்குள் இருந்தால் இன்னொரு ஐந்தாயிரம் அனுப்புகிறேன், அப்போதும் ஏறவில்லை என்றால்தான் அந்த விடிகாலை நான்கு மணி கிரான் வேலையை எடுக்கிறேன்.